இல்லத்துள் ஒரு தவச்சாலை

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் வழிபாடு முடிந்தபின் கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கி, பின்னர்த் திருச்சுற்றிலோ மண்டபத்திலோ சிறிது பொழுது அமர்ந்து எழுவது தொன்றுதொட்டு வரும் மரபாகும். நடந்து வலம் வந்த உடல் அங்கே ஓய்வு கொள்கிறது. கண்ணால் கண்ட திருவுருவை மனம் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறது. எவரும் கற்பிக்காமலே மூச்சு சீராகிறது. இதுவே தியானத்தின் தொடக்கம். ஆயினும், கோபுர வாயிலைக் கடந்து தெருவின் இரைச்சலில் கலந்தவுடன் அவ்வமைதி கலைந்துவிடுவதையும் பலர் உணர்ந்திருப்பர். கோயிலில் பெற்ற அமைதியை இல்லத்திலும் பேணிக்கொள்ள வழி உண்டா என்னும் வினா அப்போது எழுகிறது.

உண்டு என்பதே ஆன்றோர் தரும் விடை. சைவ ஆகமங்கள் வழிபாட்டைப் பரார்த்தம், ஆன்மார்த்தம் என இருவகையாகப் பகுத்துக் கூறும். உலகோர் அனைவருடைய நன்மைக்காகவும் திருக்கோயிலில் நிகழ்வது பரார்த்த பூசை. ஒருவர் தம் உயிர் உய்தற்பொருட்டுத் தாமே செய்து கொள்வது ஆன்மார்த்த பூசை. வைணவ மரபிலும் இல்லத்தில் செய்யும் திருவாராதனம் கடமையாகப் போற்றப்படுகிறது. இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. ஒன்று மற்றொன்றை வளர்ப்பதாகும்.

இவ்வுண்மையை அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று நன்கு உணர்த்திற்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகத் தமிழகத் திருக்கோயில்களில் அன்பர்கள் வழிபட வருவது நிறுத்தப்பட்டது. நித்திய பூசைகள் உள்ளே நடைபெற்றன. ஆயினும் பெருங்கோயில்களின் வாயில்கள் அடியார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது செப்டம்பர்த் திங்களில்தான். அந்த ஐந்து திங்கட்கும் மேலான காலத்தில், இல்லத்தில் விளக்கேற்றி அமரும் பழக்கம் உடையோர்க்கு அவ்விடமே புகலிடமாயிற்று. அப்பழக்கம் இல்லாதோர் அச்சமும் தனிமையும் சூழ்ந்தபோது எங்கே அமர்வது என்று அறியாது திகைத்தனர். முதுமையாலும் நோயாலும் கோயிலுக்கு வர இயலாதோர்க்கு ஆண்டு முழுவதும் இதே நிலைதான். ஆதலின் இல்லத்துள் தவத்திற்கென ஓர் இடம் அமைத்துக்கொள்வது செல்வர்க்கு மட்டும் உரிய அழகுப் பணியன்று. ஒவ்வொரு குடும்பத்திற்கும் வேண்டுவதாகிய ஒன்று.

நூல்கள் கூறும் இடம்

யோகம் பயில்வோர்க்கு ஏற்ற இடம் எது என்பதைப் பண்டை நூல்கள் ஆராய்ந்து கூறியுள்ளன. சுவேதாசுவதர உபநிடதம் தன் இரண்டாம் அத்தியாயத்தில் இதனை எடுத்துரைக்கிறது. நிலம் சமமாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும்; பரற்கற்களும் மணலும் நெருப்பும் இருத்தலாகாது; காற்று மிகுதியாக வீசாத மறைவிடமாகவும் மனத்திற்கும் கண்ணிற்கும் இனியதாகவும் அமைதல் வேண்டும் என்பது அதன் கருத்து.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் இருக்கையின் இயல்பைச் சொல்கிறது. தூய இடத்தில், மிக உயராமலும் மிகத் தாழாமலும், அசையாத இருக்கையை அமைத்துக்கொண்டு, உடலும் கழுத்தும் தலையும் நேராக இருக்க அமர வேண்டும் என்று கண்ணபிரான் அருச்சுனனுக்கு அறிவுறுத்துகின்றான். அடங்கிய மனத்திற்குக் காற்று வீசாத இடத்திலுள்ள விளக்கின் சுடரை உவமையாகக் காட்டுவதும் அவ்வத்தியாயத்திலேயே ஆகும்.

15 ஆம் நூற்றாண்டினது என அறிஞர் கருதும் அடயோகப் பிரதீபிகையோ யோகம் பயில்வோனுக்குரிய சிறு குடிலையே வருணிக்கிறது. அதன் வாயில் சிறியதாக இருத்தல் வேண்டும். தரை சாணத்தால் மெழுகப்பெற்று, பூச்சிகள் அணுகாது விளங்க வேண்டும். சுற்றிலும் ஒரு வில்லின் அளவுக்குக் கல், நெருப்பு, நீர் ஆகியவற்றால் வரும் இடையூறு இல்லாதிருக்க வேண்டும். வில்லின் அளவாவது நான்கு முழம். இக்காலக் கணக்கில் அஃது ஏறத்தாழ 6 அடியாகும்.

இம்மூன்று நூல்களையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பெரிய கூடமும் பளிங்குத் தரையும் வேண்டும் என எந்நூலும் கூறவில்லை. தூய்மை, சமநிலை, காற்றின் அடக்கம், இடையூறின்மை ஆகியவற்றையே அவை வேண்டுகின்றன. இவை நான்கும் ஏழையின் குடிசையிலும் அமையக்கூடியவை.

தமிழில் யோகத்தை விரித்துரைத்த முதல்வர் திருமூல நாயனார் ஆவார். அவர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகளையும் முறையே விளக்குகிறது. திருவாவடுதுறையில் ஓர் அரச மரத்தின் நிழலில் அமர்ந்து அவர் யோகத்தில் நிலைத்திருந்தார் எனப் பெரியபுராணம் பகரும். நம்மாழ்வார் ஆழ்வார்திருநகரியில் ஒரு புளிய மரத்தின் அடியில் எழுந்தருளியிருந்தார் என்பது வைணவ மரபு. இவ்விரு பெருமக்களுக்கும் மரத்தடியே தவச்சாலையாயிற்று. அவர்கள் இடத்தை அடிக்கடி மாற்றவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. ஓரிடத்தில் நிலைத்தனர், அவ்விடம் தலமாயிற்று.

கருவறை கற்பிக்கும் பாடம்

இல்லத்தில் இடம் அமைக்க விரும்புவோர்க்குத் திருக்கோயிலினும் சிறந்த ஆசிரியர் வேறில்லை. திருவரங்கத்தில் ஏழு திருச்சுற்றுகள் உள்ளன. 1987 இல் நிறைவுற்ற இராசகோபுரம் 236 அடி உயரமுடையது. எனினும், இத்தனை மதில்களையும் மண்டபங்களையும் கடந்து சென்றால், இறுதியில் அடியார் நிற்பது ஓர் அடக்கமான கருவறையின் முன்னரே ஆகும். பெரும்பாலான கோயில்களின் கருவறைக்குச் சாளரம் இல்லை. ஒரே வாயில், உள்ளே திருவிளக்கின் ஒளி மட்டுமே. பார்வை பல பொருள்கள்மேல் படர்ந்து அலையாமல் ஒரே உருவில் நிலைக்கும் பொருட்டு அவ்வாறு அமைந்துள்ளது எனக் கொள்ளலாம்.

கருவறைக்கு முன் அர்த்த மண்டபம், மகா மண்டபம் என ஒன்றன்பின் ஒன்றாக இடங்கள் அமைகின்றன. வெளியுலகிலிருந்து உள்ளே செல்லுந்தோறும் ஒலி குறைகிறது; ஒளி குறைகிறது; கூட்டமும் குறைகிறது. புலன்களைப் படிப்படியாக உள்முகமாகத் திருப்பும் பிரத்தியாகாரம் என்னும் யோக உறுப்பை அன்பர்கள் தம்மை அறியாமலே அங்கே நடந்து பழகுகின்றனர்.

இப்பாடத்தை இல்லத்திலும் கையாளலாம். தவத்திற்கென ஒதுக்கிய இடத்தில் பொருள்கள் குறைவாக இருத்தல் வேண்டும். பல்வகைப் படங்களையும் பொம்மைகளையும் மின்விளக்குச் சரங்களையும் ஒருங்கே நிரப்பினால் கண் ஒன்றிலும் நில்லாது. குலதெய்வமோ இட்டதெய்வமோ ஆகிய ஒரு திருவுருவம், ஒரு திருவிளக்கு, ஓர் இருக்கை ஆகிய மூன்றுமே போதும். பூசைக்குரிய படங்கள் பல இருப்பின் அவற்றைப் பூசை மாடத்தில் வைத்து, தியானத்திற்கு அமரும்போது ஒன்றை மட்டும் எதிரே வைத்துக்கொள்வது நலம். அவ்விடத்திற்குள் புகுமுன் கை கால் முகம் கழுவி, ஆடை திருத்தி, சில நொடிகள் வாளா நிற்றல் வேண்டும். அந்நிற்றலே இல்லத்தவர்க்கு அர்த்த மண்டபம் ஆகும்.

சிறிய இல்லத்தில் இடம் காணல்

“எங்கள் வீட்டில் இருப்பதே ஓர் அறை, அதில் ஐவர் வாழ்கிறோம். தியானத்திற்கு இடம் ஏது?” என்று வினவுவோர் பலர். முற்றமும் திண்ணையும் கூடமும் உடைய பழைய வீடுகள் அருகி, அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்ட இக்காலத்தில் இவ்வினா நியாயமானதே. இதற்கு அருளாளர் வரலாறுகளே விடை பகர்கின்றன.

1823 இல் மருதூரில் தோன்றிய இராமலிங்க அடிகளார் இளமையில் தம் தமையனார் குடும்பத்தோடு சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்தார். அவ்வீட்டின் மாடியில் ஓர் அறை அவருக்கு ஒதுக்கித் தரப்பட்டது. படிப்பதற்கென்று தரப்பட்ட அவ்வறையின் சுவரில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதன்முன் விளக்கேற்றி வைத்து, அக்கண்ணாடியையே நோக்கித் தியானத்தில் அமர்ந்தார் வள்ளலார். அதில் தணிகை முருகன் காட்சி அளித்தான் என்பது அவர்தம் வரலாறு. பின்னாளில், 1872 இல், வடலூரில் அவர் நிறுவிய சத்திய ஞானசபையில் ஏழு திரைகள் நீங்க அருட்பெருஞ்சோதி வழிபாடு நிகழும் முறையை அன்பர்கள் அறிவர். ஒளியை வழிபடும் அந்நெறியின் இளந்தளிரை, ஒரு நகரத்து வீட்டின் மாடியறையிலேயே காண்கிறோம்.

இரமண மகரிசியின் வாழ்விலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. அவர் 1896 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். அங்கே பாதாள லிங்கக் குகையிலும் மலைக் குகைகளிலும் தவமிருந்தமை யாவரும் அறிந்ததே. ஆனால் அவர்க்கு ஆன்ம அனுபவம் வாய்த்த இடம் மலையுமன்று, குகையுமன்று. அதே ஆண்டு சூலைத் திங்களில், மதுரையில் தம் தந்தையாரின் உடன்பிறந்தார் இல்லத்தில், மாடியிலிருந்த ஓர் அறையில் தனித்திருந்தபோது அவ்வனுபவம் அவர்க்கு உண்டாயிற்று. அப்போது அவர் 16 வயது நிரம்பிய மாணவர். இல்லறத்தை விட்டுத் துறவு மேற்கொள்ள எண்ணிப் பிற்காலத்தில் தம்மிடம் வந்தோர்க்கு, இடத்தை மாற்றுவதால் மனம் மாறிவிடாது என்று அவர் தெளிவுறுத்தியதும் இங்கு நினையத்தக்கது.

ஆகவே தனி அறை உடையோர் அதனைப் பயன்படுத்துக. இல்லாதோர் ஒரு மூலையைத் தேர்ந்துகொள்க. அமர்ந்து தியானம் செய்ய ஒரு மணைப்பலகை கொள்ளும் இடம் போதும். ஆசனங்கள் பயில, 6 அடி நீளமும் 2 அடி அகலமும் உடைய விரிப்பும், கைகளை இருபுறமும் நீட்டினால் சுவரோ அலமாரியோ தடுக்காத வெளியும் இருந்தால் போதும். பகலில் உண்ணவும் இரவில் உறங்கவும் பயன்படும் கூடமாயினும், விடியற்காலையில் பாய்களைச் சுருட்டிவைத்துப் பெருக்கித் துடைத்தபின் அதுவே அரைமணி நேரம் தவச்சாலை ஆகலாம். ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டு மூலையைப் பிரித்துக்கொள்ளுதலும் ஏற்றதே. நாள்தோறும் அதே இடம், அதே விரிப்பு, அதே வேளை என்னும் ஒழுங்கு மட்டும் மாறுதல் கூடாது. இடத்தின் பெருமை அதன் அளவில் இல்லை, மாறாமையிலேயே உள்ளது.

அமைக்கும் முறை

திசை: கிழக்கு அல்லது வடக்கு நோக்கி அமர்வது மரபு. வீட்டின் வடகிழக்கு மூலையாகிய ஈசானியம் சிறப்புடையது என்பர். காலையிளங்கதிர் முகத்தில் படுவதும், அந்நேரத்து ஒளி வெம்மையின்றி இருப்பதும் கிழக்கு நோக்கி அமர்வதால் வரும் பயன்கள். வீட்டின் அமைப்பு இடந்தராவிடில் அதற்காகச் சுவரை இடிக்கவோ கடன் வாங்கிக் கட்டடத்தை மாற்றவோ வேண்டுவதில்லை. எத்திசையிலும் நிறைந்துள்ள இறைவன், அடியவன் முகம் நோக்கும் திசையினும் அகம் நோக்கும் திசையையே பெரிதாகக் கொள்வான்.

இருக்கை: வெறுந்தரையில் அமர்தல் கூடாது. தரையின் குளிர்ச்சி உடலைத் தாக்கும். தருப்பைப் பாய், பத்தமடைக் கோரைப் பாய், கம்பளம், மணைப்பலகை ஆகியவற்றுள் ஒன்றின்மேல் தூய வெண்துணியை மடித்து விரித்துக்கொள்ளலாம். பழைய நூல்கள் மான்தோலைக் குறிப்பிட்டிருப்பினும், இக்காலத்தில் அதனைத் தேடிப் பெறுதல் தகாது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. மான், புலி முதலியவற்றின் தோலை விலைக்கு வாங்குதலும் விற்றலும் அச்சட்டப்படி குற்றமாகும். கொல்லாமையை முதற்படியாகக் கொண்ட யோகத்திற்குக் கொன்ற விலங்கின் தோல் துணையாகாது என்பதனையும் எண்ணுதல் வேண்டும். ஒருவர் இருக்கையை மற்றவர் பயன்படுத்தாமல், அவரவர்க்குத் தனி விரிப்பு வைத்துக்கொள்வது நன்று.

விளக்கும் புகையும்: நல்லெண்ணெய் அல்லது நெய் விளக்கின் சிறு சுடர் போதும். விளக்கை அகன்ற தட்டின்மேல் வைத்தல் வேண்டும். திரைச்சீலை, காகிதம், சமையல் எரிவாயு உருளை ஆகியவற்றிற்கு அருகில் ஏற்றுதல் கூடாது. புடவைத் தலைப்பும் மேலாடையும் சுடரில் படாமல் செருகிக்கொள்ள வேண்டும். எழுந்து செல்லும்போது விளக்கை மலர்கொண்டு அமர்த்திவிட்டுச் செல்க. ஆளில்லாத வீட்டில் எரியும் விளக்கை விட்டுச் செல்லற்க. ஊதுவத்தி, சாம்பிராணி ஆகியவற்றின் நறுமணம் மனத்தைக் குவிக்க உதவும். எனினும் மூச்சுப் பயிற்சி செய்யும் வேளையில் புகை சூழ்ந்திருத்தல் நன்றன்று. முன்னரே தூபமிட்டுச் சாளரத்தைத் திறந்துவைத்துப் புகை அடங்கியபின் அமர்தல் முறை. இரைப்பு நோய் உடையோர் வாழும் இல்லத்தில் புகையைத் தவிர்த்து, மலரின் மணத்தோடு நின்றுவிடலாம்.

ஒலி: செல்பேசியை வேறிடத்தில் வைத்துவிட்டு அமர்தல் இன்றியமையாதது. அதன் ஒலியை அடக்கிவைத்தாலும் அருகில் இருப்பின் மனம் அதன்பால் செல்லும். தெருவில் செல்லும் வண்டியின் ஒலியும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் ஒலியும் நம் ஆணைக்கு அடங்குவன அல்ல. அவற்றோடு போராடினால் சினமே மிகும். ஒலி வந்தது, சென்றது என விட்டுவிட்டு மூச்சிற்கோ மந்திரத்திற்கோ மீண்டு வருதலே பயிற்சி. சந்தடி குறைந்த விடியற்காலையாகிய பிரம்ம முகூர்த்தத்தைப் பெரியோர் தேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

குடும்பத்தார் அனைவர்க்கும் உரிய இடம்

இல்லத்துத் தவச்சாலை ஒருவர்க்கு மட்டும் உரிய உடைமை ஆகிவிடுதல் கூடாது. வீட்டின் தலைவர் கண்மூடி அமர்ந்திருக்க, மற்றவர்கள் மூச்சு விடவும் அஞ்சி நடமாடுவது தவமாகாது. அஃது அதிகாரத்தின் மற்றொரு வடிவம். குழந்தையின் அழுகைக்கும் நோயுற்றார் குரலுக்கும் எழுந்து செல்பவரே தியானத்தின் பயனை அடைந்தவர்.

விடியுமுன் எழுந்து இரவு நெடுநேரம் வரை உழைக்கும் இல்லத்தரசியர்க்குத் தமக்கென ஓர் இடமும் பொழுதும் வாய்ப்பது அரிதாகவே உள்ளது. திருவிளக்கேற்றும் கடமை அவர்களுடையதாக இருக்க, விளக்கின்முன் அமரும் பேறு பிறர்க்கு ஆகிவிடுகிறது. இந்நிலை மாறுதல் வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் அடுக்களைப் பணியையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பணியையும் குடும்பத்தின் ஏனையோர் ஏற்றுக்கொண்டு, தாயும் மனைவியும் மருமகளும் அமைதியாக அமர வழிசெய்தல் அறமாகும். வேறெந்த அலங்காரத்தினும் இவ்வேற்பாடே அவ்விடத்தைப் புனிதமாக்கும்.

முழங்கால் வலியால் தரையில் அமர இயலாத முதியோர் மனம் தளர வேண்டா. இருக்கை நிலையாகவும் சுகமாகவும் இருத்தல் வேண்டும் என்பதே பதஞ்சலி முனிவர் வகுத்த இலக்கணம். கால்களை மடக்கியே ஆக வேண்டும் என அவர் கூறவில்லை. முதுகு நேராக நிற்கும் கைப்பிடி உடைய நாற்காலியில், இரு பாதங்களும் தரையில் படிய, பாதங்களுக்குக் கீழே ஒரு தடுக்கை இட்டு அமரலாம். பள்ளிப் பிள்ளைகளை நெடுநேரம் அமரச் செய்தல் வேண்டா. ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, ஒரு திருப்பாடலைச் சொல்லி எழுந்தால் போதும். அந்த ஐந்து நிமிடம் நாள்தோறும் நிகழ்ந்தால் அவ்விடத்தின்மேல் பிள்ளைகட்கு இயல்பாகவே பற்று உண்டாகும்.

பயிலும் முறை

காலைக்கடன் முடித்து, நீராடி, வெறும் வயிற்றோடு அமர்தல் சிறப்பு. மாலையில் பயில்வோர் பேருணவு கொண்டு மூன்று அல்லது நான்கு மணி நேரம் சென்றபின் தொடங்குக. முதலில் எளிய ஆசனங்களால் உடலின் இறுக்கத்தை நீக்குதல் வேண்டும். அடுத்து மூச்சைச் சீராக்குதல் வேண்டும். அதன்பின்னரே தியானத்தில் அமர்தல் வேண்டும். உடல் வலியும் மூச்சின் தடுமாற்றமும் இருக்கும்போது மனத்தை மட்டும் அடக்க முயல்வது, அடித்தளம் இடாமல் விமானம் எழுப்புவதை ஒக்கும். எட்டு உறுப்புகளைப் பெரியோர் வரிசைப்படுத்தியதன் கருத்தும் இதுவே.

ஆசனங்களையும் பிராணாயாமத்தையும் நூலைப் பார்த்தோ காணொளியைக் கண்டோ தாமே கற்றல் கூடாது. நல்லாசிரியரிடம் நேரில் கற்றுக்கொண்டபின் இல்லத்தில் பயில வேண்டும். மூச்சை வலிந்து அடக்குவது தீங்கு தரும். இதய நோய், மிகு இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் ஆகியவை உடையோரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரின் கருத்தைக் கேட்டபின்னரே தொடங்குதல் வேண்டும். இவர்கள் தலைகீழாக நிற்கும் சிரசாசனம் போன்றவற்றைத் தாமே மேற்கொள்ளலாகாது. 1888 இல் பிறந்து 1989 வரை வாழ்ந்து, மைசூரிலும் பின்னர்ச் சென்னையிலும் யோகம் பயிற்றுவித்த பேராசான் கிருட்டிணமாச்சாரியார், பயில்வோரின் வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றுக்கு ஏற்பவே பயிற்சியை அமைத்துக் கொடுத்தார் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. ஒருவர்க்கு மருந்தாவது மற்றொருவர்க்கு நோயாகலாம்.

2014 இல் ஐக்கிய நாடுகள் அவை சூன் 21 ஆம் நாளை உலக யோகா நாளாக அறிவித்தபின், 2015 முதல் ஆண்டுதோறும் அந்நாளில் திடல்களில் பெருங்கூட்டமாக மக்கள் யோகம் பயில்கின்றனர். இது மகிழத்தக்கதே. எனினும் அந்த ஒரு நாளுக்குப்பின் வரும் நாட்களிலும் விரிப்பை விரிப்பவர்க்கே பயன் கிட்டும். நெடுங்காலம், இடைவிடாமல், ஆர்வத்தோடு செய்யும் பயிற்சியே உறுதிபெறும் எனப் பதஞ்சலியார் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். ஒருநாள் மூன்று மணி நேரம் அமர்ந்து ஒன்பது நாள் மறப்பதினும், நாள்தோறும் 20 நிமிடம் அமர்வது மேலானது. மனம் அடங்கவில்லையே எனக் கவன்று எழுந்துவிடுதலும் கூடாது. அலைகின்ற மனத்தோடு அமர்ந்திருந்த 20 நிமிடமும் பயிற்சியே, அது வீணாவதில்லை.

உள்ளே எழும் கோயில்

இல்லத்தில் இடம் அமைப்பதன் முடிந்த பயன் உள்ளத்தில் இடம் அமைப்பதேயாகும். இதனை இரு நாயன்மார்கள் வாழ்ந்து காட்டினர்.

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் சிவபெருமானுக்குக் கோயில் எழுப்ப விழைந்தார். எங்குத் தேடியும் பொருள் கிடைக்கவில்லை. உடனே மனத்தளவில் கோயில் எழுப்பத் தொடங்கினார். நினைவினாலேயே பொருள் திரட்டி, தச்சரை அழைத்து, நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டு, ஆகம முறை வழுவாமல் விமானமும் மதிலும் திருக்குளமும் அமைத்து, திருக்குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்த்தக் காடவர் கோமான் நாள் குறித்திருந்தான். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, அந்நாளில் தான் நின்றவூர்ப் பூசலின் கோயிலில் எழுந்தருள இருத்தலால், மன்னனின் கோயில் விழாவை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுமாறு பணித்தான். மன்னன் திருநின்றவூரை அடைந்து அக்கோயிலைத் தேடினான்; எங்கும் காணவில்லை. பூசலாரைக் கண்டு உண்மை அறிந்து அவர் அடிகளில் விழுந்து வணங்கினான். அவ்வூரில் இருதயாலீசுவரர் திருக்கோயில் இன்றும் இவ்வரலாற்றை நினைவூட்டி நிற்கிறது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் மனக்கோயிலின் பெருமையைச் சொல்லி நின்றுவிடுவர். அதன்கண் அடங்கிய உழைப்பும் எண்ணத்தக்கது. பூசலார் ஒரு நொடியில் கோயிலைக் கற்பனை செய்துவிடவில்லை. கல்மேல் கல்லாக, முறை பிறழாமல், நாள்தோறும் இருந்து நெடுங்காலம் கட்டினார். கருங்கல்லால் கட்டும் தச்சனுக்கு வேண்டிய ஒழுங்கும் பொறுமையும் மனத்தால் கட்டியவர்க்கும் வேண்டியிருந்தன. இல்லத்தில் ஒரு மூலையில் அமர்ந்து தியானம் பயில்வோர் செய்வதும் அக்கட்டடப் பணியே. ஒருநாள் அமர்ந்தால் ஒரு கல் ஏறுகிறது.

திருமயிலையில் வாழ்ந்த வாயிலார் நாயனாரோ மறவாமையையே கோயிலாக்கி, உணர்வையே விளக்காக ஏற்றி, ஆனந்தத்தால் திருமஞ்சனம் ஆட்டி, அன்பையே அமுதாகப் படைத்தார் எனச் சேக்கிழார் பெருமான் போற்றுவார். கபாலீசுவரர் திருக்கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் அங்கு இந்நாயனாரின் சந்நிதியையும் வழிபடலாம். விளக்கு, நீர், அமுது ஆகிய யாவும் இல்லத்துப் பூசையிலும் உள்ளவையே. புறத்தே செய்யும்போது அகத்தே அவற்றின் பொருளை உணர்ந்து செய்தால், நாளடைவில் புறமும் அகமும் ஒன்றாகும்.

அவ்வாறு உள்ளம் கனிந்தமைக்கு அடையாளம் யாது? கண்மூடி அமரும் நேரம் நீளுவதன்று. எழுந்தபின் பேசும் சொல் இனியதாவதே. கண்ணாடியின் முன் விளக்கேற்றித் தியானம் பயின்ற வள்ளலார், ஞானசபை அமைப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1867 இல், வடலூரில் பசித்தோர்க்கு உணவளிக்கும் தருமச்சாலையைத் தொடங்கினார் என்பது மறக்கத்தக்கதன்று. தியானத்தில் ஏற்றிய விளக்கின் ஒளி அடுத்தவர் பசியைக் காணவும் உதவுதல் வேண்டும். தவச்சாலையிலிருந்து எழுந்தவர் வீட்டாரிடம் சினந்து பேசினால், அன்றைய பயிற்சி இன்னும் முடியவில்லை என்று கொள்க.

ஆதலால் அன்பர்கள், அடுத்த முறை திருக்கோயிலில் வழிபட்டுத் திருச்சுற்றில் அமரும்போது அவ்வமைதியை நன்கு உணர்ந்து, அந்நினைவோடு இல்லம் சேர்க. பெரிய ஏற்பாடுகளுக்காகக் காலம் தாழ்த்த வேண்டா. நாளைக் காலை ஒரு மூலையைத் தூய்மை செய்து, ஒரு பாயை விரித்து, ஒரு விளக்கை ஏற்றினால் தவச்சாலை அமைந்துவிட்டது. மறுநாளும் அதே இடத்தில் அமர்வதொன்றே எஞ்சிய பணி. அதனை இடைவிடாது செய்வோர் இல்லந்தோறும் அமைதியும் நல்லுடலும் நல்லுறவும் தழைக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் முன்னிற்குமாக.